ரோமாபுரி வாசலில் நின்றவர்

எங்கள் வீடு என்று நாங்கள் பதினொரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த வீடு அவருடையது. அதை அவர் ஒருபோதும் தன் வாயால் சொன்னதில்லை. போர் முடிந்த மறு வருடம், வைகாசி வெயிலில், தோளில் ஒரு கணினிப் பையோடு படலைக்கு வெளியே வந்து நின்று, "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாறீங்களா?" என்று கேட்டார். அம்மா செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிணற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மதிலோரம் நின்ற மாதுளையைப் பார்த்தார்.

"மாதுளை புதுசு," என்றார்.

அம்மாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அந்த மரத்தை வைத்தது அவள்தான். அது புதிது என்று சொல்லக்கூடிய ஆள் யாராக இருக்கும் என்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது.

நாங்கள் பெருநிலத்துக் கரையில் இருக்கிற விடத்தல்தீவு ஆட்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் சண்டை ஊருக்குள் வந்தபோது வள்ளத்தில் ஏறி மன்னார்த் தீவுக்கு வந்தோம். பட்டினத்துக்கு வெளியே, பேசாலைக்குப் போகும் றோட்டோரமாகச் சில வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. முஸ்லிம் சனங்களின் வீடுகள். துவக்கோடு வந்த இயக்கத்தார் அவர்களைத் தீவை விட்டு அனுப்பி அப்போதே ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "இருங்கோ, ஒருத்தரும் வரமாட்டினம்," என்று யாரோ ஒரு வீட்டைக் காட்டினார்கள். கதவும் யன்னலும் இல்லாத வீடு. அப்பா ஓடு மாற்றினார், கதவு போட்டார். அம்மா மரம் வைத்தாள். யாருடைய வீடு என்று நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரிக்காமல் இருப்பது எங்களுக்கு வசதியாக இருந்தது.

அவர் பத்தொன்பது வயதில் அந்த வீட்டிலிருந்து போனவர். நாங்கள் பார்க்கும்போது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். ஒல்லியான ஆள். கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, நைலோன் நூலால் காதோடு கட்டியிருக்கும். புத்தளத்தில் உப்பளத்தில் வேலை செய்து, பிறகு ஒரு கணினிக் கடையில் திருத்துவேலை பழகியவர். மனைவியும் மகளும் அங்கேயே இருந்தார்கள். வீடு சரியானதும் கூப்பிடுவது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். நான் அவரை அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட்டேன்.

அன்று அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வீட்டின் றோட்டுப் பக்கம் தனிக் கதவோடு ஓர் அறை இருந்தது. அவருடைய வாப்பா கடை வைத்திருந்த அறை. நாங்கள் அதில் விறகும் பழைய வலையும் போட்டு வைத்திருந்தோம்.

"அந்த அறையை மட்டும் தந்தீங்கண்டா போன் திருத்துற கடை ஒண்டு போடுவேன். வேற ஒண்டும் வேணாம்."

தன் வீட்டில் ஓர் அறையைத் தரும்படி எங்களிடம் கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்காக நின்றார். ஊரை விட்டு வந்தபின் சொந்த வள்ளம் இல்லாத அப்பா, யாருடையதோ கிழிந்த வலையைக் கூலிக்குப் பொத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "எடுங்கோ," என்றார்.

அறையைத் துப்புரவாக்கப் போனபோது விறகுக்குப் பின்னால் எங்கள் கோழி அடை கிடந்தது. அம்மா அதைக் கூடையோடு தூக்கப் போனாள்.

"வேணாம் அக்கா. இப்ப அசைச்சா அது முட்டையை விட்டுட்டுப் போயிடும். பொரிச்சு முடியட்டும்."

பன்னிரண்டு நாள் விறாந்தையில் ஒரு முக்காலியை வைத்து அதன்மேல் போன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். சோளகக் காற்று சின்னச் சின்ன ஆணிகளையெல்லாம் உருட்டிக்கொண்டு போகும். குனிந்து மணலில் தேடுவார். காலையும் மாலையும் அறைக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் இல்ல," என்பார். குஞ்சுகள் வெளிவந்து, தாய்க்கோழி அவற்றைத் தானாக முற்றத்துக்கு நடத்திக்கொண்டு போன பிறகுதான் மேசையை உள்ளே கொண்டுபோனார். நானும் அம்மாவும் சிரித்தோம். அந்த மனிதர் எல்லாவற்றிலுமே இப்படித்தான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது.

நான் காலையில் முன்பள்ளியில் படிப்பித்துவிட்டுப் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த நேரம் றோட்டில் ஒரு சனம் இருக்காது. கடைச் சுவரின் நிழலில் இரண்டு கழுதைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்கும். அவர் லுஹர் தொழுதுவிட்டு வந்து, பால் விடாத தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறப்பார். அதுவும் அவருடையது அல்ல. புத்தளத்தில் யாரோ திருத்தத் தந்துவிட்டு எடுக்க வராமலே போன கணினி. அந்த ஆளின் கலியாணப் படங்கள்கூட அதில் அப்படியே இருந்தன. அதற்குள் இருந்ததுதான் அந்த ரோமாபுரி விளையாட்டு.

தேசப்படம் ஒன்று விரியும். நகரங்கள், வீதிகள், கப்பல்கள். நாம் உரோமரின் அரசன். நம்முடைய ஆட்களை நகர்த்திவிட்டு முறையை முடிக்கும் பொத்தானை அழுத்தினால், மற்ற அரசர்கள் தங்கள் ஆட்களை நகர்த்துவார்கள். ஒரு முறைக்கு ஆறு மாதம் ஓடும். மற்றவர்கள் அதை எப்படி விளையாடுவார்கள் என்று எனக்குத் தெரியும். முன்பள்ளிக்குப் பக்கத்தில் இருந்த கணினி நிலையத்தில் பெடியள் அரை மணித்தியாலத்தில் ஒரு நகரத்தை எரித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். இவர் ஒரு நாளில் இரண்டு முறை, கூடிப்போனால் மூன்று. ஒவ்வொரு நகரமாகத் திறந்து பார்ப்பார். சாப்பாடு போதுமா, நோய் ஏதும் இருக்கிறதா, சனம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. எல்லாம் பார்த்து முடித்தபின் பிஸ்மி சொல்லிப் பொத்தானை அழுத்துவார்.

அவருடைய ஆட்டத்தில் தொடக்கத்திலேயே ரோமாபுரி கைவிட்டுப் போய்விட்டது. வடக்கிலிருந்து காலியர் என்ற வேற்றுச் சனம் பெரும்படையோடு வந்தார்கள். அவரிடம் இருந்த படையோ சின்னது. வேறு யாராவது என்றால் மதிலுக்குள் நின்று சண்டை பிடித்திருப்பார்கள். இவர் அந்த விளையாட்டில் இருந்த ஒரு சின்ன வழியைக் கண்டுபிடித்தார். ஒரு நகரத்தில் ஆட்களைப் படைக்குச் சேர்த்தால் அங்கே சனத்தொகை குறையும். அந்தப் படையை வேறொரு நகரத்தில் கொண்டுபோய்க் கலைத்துவிட்டால் அங்கே அவ்வளவு சனம் கூடும். படைகளிலே மிகவும் மலிவானது, சண்டைக்கு உதவாதது, கமக்காரர் படை. வயல் உழுகிற ஆட்கள், கையில் வைக்கோல் குத்துகிற முள்ளுக்கோலோடு நிற்பார்கள். அவர் ரோமாபுரியின் சனத்தையெல்லாம் கமக்காரராகச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலில் ஏற்றி, சிசிலித் தீவுக்குக் கொண்டுபோனார். காலியர் உள்ளே வந்தபோது ரோமாபுரியில் சுவர்கள்தான் இருந்தன.

"நீங்கள் தோத்துப் போனீங்கள் நானா," என்றேன்.

"ஓம், தோத்துத்தான். ஆனா ஆக்கள் இருக்கிறாங்களே."

அதே தீவின் மேற்குக் கரையில் கார்த்தேஜ்காரர் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் படித்தபடி உரோமரும் அவர்களும் நூறு வருடத்துக்கு மேல் அடிபட்டு, கடைசியில் உரோமர் அந்த நகரத்தைத் தரைமட்டம் ஆக்கினார்கள். இவர் முதல் வருடமே அவர்களிடம் தூதனை அனுப்பி உடன்படிக்கை செய்துகொண்டார். தீவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு இரண்டு பேரும் இருந்தார்கள். அவருடைய கணினியில் கார்த்தேஜ் கடைசிவரை எரியவில்லை.

அம்மா ஒருநாள் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். ஈட்டியும் சிவப்பு அங்கியுமாக உரோமரின் சேவகர் நிற்பதைக் கண்டதும் அவளுக்குக் கோபம் வந்தது.

"உவங்கள் ஆண்டவரைச் சிலுவையிலை அறைஞ்சவங்கள் எல்லோ? உவங்களுக்கோ நீங்கள் ராசா?"

"ஈசா நபி பிறக்க இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல இருக்கு அக்கா. அதுக்குள்ள இவங்களைத் திருத்திடலாமா எண்டு பாக்கிறேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து செபமாலை சொல்லப் போகுமுன் ஒருதரம் கடையை எட்டிப் பார்த்து, "இன்னும் எத்தினை வருஷம்?" என்று கேட்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

நான் அந்த விளையாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தே பழகிவிட்டேன். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் போகும்போது, "பாத்துக்கொள்ளுங்க தங்கச்சி," என்று கணினியை என்னிடம் விட்டுப் போனார். அப்போது அவருடைய படை இத்தாலிக் கரையில் ஒரு சிறு பட்டினத்துக்கு வெளியே மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. அவர் வருமுன் அதைப் பிடித்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அடித்தேன். பட்டினம் விழுந்தது. சனத்தை என்ன செய்வது என்று விளையாட்டு கேட்டது. அப்படியே இருக்க விடலாம், அடிமையாக்கலாம், அழிக்கலாம். அழித்தால் நிறையப் பொன் கிடைக்கும், கலகமும் வராது என்று எழுதியிருந்தது. நான் அழித்தேன்.

அவர் வந்ததும் பெருமையாகக் காட்டினேன். அவர் பொன்னைப் பார்க்கவில்லை. சனத்தொகை எழுதியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கதிரையில் இருந்து, மூன்று நாளைக்கு முன் கடைசியாகச் சேமித்து வைத்த ஆட்டத்தைத் திறந்தார். மூன்று நாள் விளையாடியது வீணாய்ப்போனது. அவர் பழைய ஆட்டத்துக்குத் திரும்பிப் போனதை நான் கண்டது அந்த ஒருமுறைதான். ரோமாபுரி போனபோதுகூட அவர் அப்படிச் செய்யவில்லை.

"விளையாட்டுத்தானே நானா," என்றேன். என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

"விளையாட்டுத்தான். அதாலதான் திரும்ப எடுக்க முடியுது."

கொஞ்ச நேரம் பனங்கட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"எங்களை ஊரை விட்டுப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில சொன்னாங்க. கடற்கரையில போய் ரெண்டு நாள் நிண்டம். மழை. எல்லாரும் எப்ப போறது, எதைக் கொண்டு போறது எண்டுதான் கதைச்சாங்க. இவ்வளவு சனத்தையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. போகச் சொன்னவங்களும் கேக்கல்ல. உம்மா ஆட்டை அவிழ்த்து விட்டமா, கட்டினபடி விட்டிட்டு வந்தமா எண்டு மௌத்தாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு இருந்தா."

அவர் எங்கள் முற்றத்தைக் காட்டவில்லை. ஆனால் ஆடு எங்கே கட்டியிருந்திருக்கும் என்று அன்று பின்னேரம் நான் தேடிப் பார்த்தேன்.

ஆடி மாதம் அளவில் அவருடைய படை ரோமாபுரியின் வாசலுக்கே போய்விட்டது. தீவில் சனம் பெருகி, படையும் பெருகி, காலியரைவிட மூன்று மடங்கு ஆட்கள் அவரிடம் இருந்தார்கள். ஒரே நாளில் பிடித்திருக்கலாம். ஆனால் அவர் மதிலுக்கு வெளியே முகாம் போட்டுக்கொண்டு நின்றார். ஒவ்வொரு முறையும் உள்ளே தூதனை அனுப்பி, "இந்த நகரத்தைத் தாருங்கள், வடக்கே இரண்டு நகரம் தருகிறேன், பொன்னும் தருகிறேன்," என்று கேட்டார். காலியர் மறுத்தார்கள். அடுத்த முறையும் கேட்டார்.

"ஏன் அடிக்காமல் நிக்கிறீங்கள்? உங்கடை நகரம்தானே?"

"என்ர நகரம்தான். உள்ளுக்குப் பாருங்க, அவங்க வந்து எத்தின வருஷம். பிள்ளை குட்டி பெத்திட்டாங்க. சந்தை கட்டியிருக்காங்க. அவங்களை எங்க வைக்கிறது எண்டு முதல்ல பாக்கணும்."

அப்போது முற்றத்தில் அம்மா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆவணி விடுமுறைக்கு அவருடைய மனைவி மகளோடு புத்தளத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். மகளுக்குப் பத்து வயது இருக்கும். மனைவி உயரமான, நேராகப் பார்த்துப் பேசுகிற பெண். மூன்றாம் நாள் குசினியில் அம்மாவோடு மீன் துப்புரவாக்கிக்கொண்டிருக்கும்போது கத்தியைக் கீழே வைத்தார்.

"அக்கா, கோவிக்காதீங்க. என்ர மனிசன் இதைக் கேக்க மாட்டார். நான்தான் கேக்கணும். நீங்க எப்ப போவீங்க?"

அம்மாவும் கத்தியைக் கீழே வைத்தாள். "எங்கடை பக்கம் இன்னும் கண்ணிவெடி எடுத்து முடியேல்லையாம் தங்கச்சி. எங்கடை மனிசன் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். திறந்தால் இண்டைக்கே போயிடுவன். ஆரோ ஒராளின்ரை வீட்டிலை இருக்கிறம் எண்டு தெரிஞ்ச நாளிலை இருந்து எனக்குச் சோறு இறங்கேல்லை."

"புத்தளத்தில ஓலைக் கொட்டில்ல இருபது வருஷம் அக்கா. மகளும் அதிலதான் பிறந்தா."

இரண்டு பேரும் அழுதார்கள். பிறகு இரண்டு பேருமாகவே குழம்பை வைத்தார்கள். நானா குசினி வாசலில் தேங்காயோடு வந்து நின்றவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தேங்காயை நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். மனைவி புறப்பட்ட அன்று பஸ் தரிப்பில் அவரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. மகள்தான் யன்னலால் கையைக் காட்டினாள்.

புரட்டாதியில் ஒருநாள், எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் திருத்தக் கொடுத்த போனை எடுக்கக் கடைக்கு வந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு ஆச்சரியம்.

"நீங்கள் இன்னும் வரேல்லையோ பிள்ளை? உங்கடை பக்கம் வெடி எல்லாம் எடுத்து விட்டு ரெண்டு மாசமாச்சே! கொப்பர் ஊர் விதானையாரிட்டைத் திரும்பி வாறதெண்டு பேரும் குடுக்கேல்லையாம்."

நான் நானாவைப் பார்த்தேன். ஈயம் பற்றவைக்கிற கோலைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். அவருக்கு இது புதிய செய்தி இல்லை என்று அந்தக் குனிவே சொல்லிற்று. பெண் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"உங்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆடி மாசம். அந்த ஊராக்கள் இங்க போன் திருத்த வருவாங்கதானே."

"அப்ப உங்கடை மனிசி வந்து அழேக்கை..."

"தெரியும் தங்கச்சி."

அப்பா எங்களிடம் மறைத்திருக்கிறார், இந்த மனிதர் அதைத் தெரிந்துகொண்டே தன் மனைவியின் கோபத்தைத் தாங்கியிருக்கிறார். யாரில் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

"ஏன் சொல்லேல்லை?"

கோலைத் தாங்கியில் வைத்தார். கண்ணாடியைக் கழற்ற, நூலை அவிழ்த்தார்.

"விதானையார் உங்கட அப்பாவிட்டத்தான் முதல்ல சொன்னது. தெரிஞ்சும் சொல்லாம இருக்கிறாரெண்டா அவருக்குப் போக ஏலாம இருக்கு. என்னவோ ஒரு பயம். இப்ப அவரைப் போட்டு நெருக்கினா, ரோசத்தில வீட்டை விட்டுப் போயிடுவார். ஆனா ஊருக்குப் போகமாட்டார். இந்தத் தீவிலேயே வேற எங்கயாவது ஒரு மூலையில குடிலைப் போடுவார். பிறகு உங்கட அம்மாவும் நீங்களும்?"

"நான் இப்பவே அம்மாட்டைச் சொல்லப்போறன்."

"வேணாம். எனக்கு ஒரு கிழமை தாங்க."

அடுத்த ஞாயிறு, அப்பா பூசை முடிந்து வந்ததும் அவர் முற்றத்துக்கு வந்து நின்றார். "அண்ணே, எனக்கு விடத்தல்தீவுப் பக்கம் பழக்கமில்ல. அங்க ரெண்டு பேருக்குப் போன் குடுக்க இருக்கு. ஒருக்கா வந்து காட்டுறீங்களா?" என்றார். அப்பா அவரை வெகுநேரம் பார்த்தார். இரண்டு பேருக்குமே உண்மை தெரியும் என்பது இரண்டு பேருக்கும் அப்போது விளங்கியிருக்கும். அப்பா சேர்ட்டை மாட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில் ஏறிப் பெரிய பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

பொழுதுபட முன்னரே திரும்பிவிட்டார்கள். அப்பா கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றார்.

"கிணறு இருக்குது," என்றார்.

"எந்தக் கிணறு?"

"எங்கடை கிணறுதான். அந்த ஆளும் நானும் இறைச்சுப் பார்த்தம். தண்ணி நல்லம்." பிறகு நிலத்திலேயே குந்தினார். "வீடு இல்லை. அத்திவாரம் மட்டும் கிடக்குது. ரெண்டு தரம் கட்டினன். மூண்டாந்தரமும் அடியிலை இருந்து துவங்க ஏலாதெண்டு பயந்துபோனன். அதாலை உனக்குச் சொல்லேல்லை."

அம்மா ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

அங்கே என்ன நடந்தது என்று அடுத்த நாள் நானாவிடம் கேட்டேன். அப்பா அத்திவாரக் கல்லில் இருந்தவர் எழும்பவே இல்லையாம். "என்ன சொல்லி எழுப்பினீங்கள்?" என்றேன்.

"ஒண்டும் சொல்லல்ல. அடுப்படி எந்தப் பக்கம் எண்டு கேட்டேன். இருந்த இடத்திலேயே கையைக் காட்டினார். எனக்கு விளங்கல்ல எண்டேன். எழும்பி வந்து காட்டினார். பிறகு சாமியறை, வாசல், பாய் போடுற இடம் எல்லாம் அவரே நடந்து நடந்து காட்டினார்."

பேர் கொடுத்தோம். மழை முடியட்டும் என்று தை மாதம் வரை பொறுத்தோம். அந்த மாரி முழுக்க அவருடைய படையும் ரோமாபுரிக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றது. நத்தாருக்கு முன் அம்மா பலகாரத் தட்டோடு போய், "ஆண்டவர் பிறந்திட்டாரோ?" என்று கேட்டாள். "போன கிழமை பிறந்திருக்கணும் அக்கா. இதில காட்டல்ல," என்றார்.

நாங்கள் போவதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த விளையாட்டு முடிந்தது. அதற்கு ஒரு கடைசி வருடம் இருக்கிறது. அதற்குள் ரோமாபுரியோடு சேர்த்து இத்தனை நாடுகளைப் பிடித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் தோல்வி. திரை கறுத்து, நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது. எட்டு மாத ஆட்டம். எனக்கு அழுகையே வந்தது. அவர் கடைசியாகச் சேமித்து வைத்ததைத் திறந்து ஒவ்வொரு நகரமாகப் பார்த்தார். பார்த்து முடிக்க ஒரு தேத்தண்ணி நேரம் எடுத்தது.

"எல்லாரும் இருக்கிறாங்க," என்று சொல்லிக் கணினியை மூடினார்.

நாங்கள் புறப்படுகிற அன்று காலை அவருடைய மனைவியும் மகளும் சாமான்களோடு வந்து இறங்கினார்கள். முற்றத்தில் நாங்கள் வாடகைக்குப் பிடித்த உழவு இயந்திரம் தகரமும் தடியும் ஏற்றிக்கொண்டு நின்றது. அவர் மனைவி என் அம்மாவின் கையைப் பிடித்து, "ரெண்டு நாள் இருந்திட்டுப் போங்க அக்கா," என்றார். அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். இந்தக் கதவு மாரியில் ஊதும், தூக்கிச் சாத்தவேண்டும். இந்த மூலையால் மழை ஒழுகும், வாளி வைக்கவேண்டும். ஆவணி புரட்டாதியில் கிணறு உவர்க்கும், விடியவெள்ளென இறைத்தால் குடிக்கலாம். நானா இரண்டு பேருக்கும் பின்னால் நடந்து, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் பிறந்து வளர்ந்த வீடு.

பிறகு அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் தகரங்களுக்கு மேலே ஏறி இருந்துவிட்டார்.

"எங்க போறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"கூரை போட ஆள் வேணும். அண்ணன் தனிய."

"இண்டைக்குமா?" என்றார் அவர். கோபமாகத்தான் கேட்டார். ஆனால் உள்ளே போய் ஒரு போர்வையும், போத்தலில் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினார்.

நாலு நாள் எங்களோடு விடத்தல்தீவில் இருந்தார். தறப்பாளின் கீழ் படுத்தார். கப்பு நட்டார், வளை ஏற்றினார், தகரம் அடித்தார். பெருவிரலில் சுத்தியலை விழுத்தி, நகம் கறுத்தது. அப்பாவும் அவரும் பெரிதாகக் கதைக்கவில்லை. "பிடி", "விடு", "கொஞ்சம் இடப்பக்கம்", அவ்வளவுதான். நாலாம் நாள் மத்தியானம் கடைசித் தகரம் ஏறியது. மூன்று பேரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். அம்மா உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

அவர் அடுத்த வேலையைப் பார்க்கத் தொடங்கினார். "நாளைக்கு வேலியை அடைச்சிடலாம் அண்ணே. மறுநாள் கக்கூசுக்குக் குழி..."

அப்பா அவருடைய கையிலிருந்து சுத்தியலை வாங்கினார்.

"நீ செய்தது காணும் தம்பி," என்றார். "இனி நீ உன்ரை வீட்டை போ."

எட்டு மாதத்தில் அப்பா அவரை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை என்பதும், அந்த வீட்டை அவருடையது என்று எங்களில் ஒருவருமே வாய்விட்டுச் சொன்னதில்லை என்பதும் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்கவேண்டும். சாரத்தில் கையைத் துடைத்தார். அம்மா கொடுத்த பாலைக் குடித்தார். போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாறேன்," என்றார்.

அப்பா அவரோடு பெரிய றோட்டுவரை நடந்து போனார். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருப்பார்கள். தூரத்தில் இரண்டு பேரும் ஒரு நிழலும் இல்லாத இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது எங்களுக்குத் தெரிந்தது. என்ன கதைத்தார்கள் என்று அப்பா கடைசிவரை சொன்னதில்லை. திரும்பி வந்து, செம்பில் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டு, கடல் பக்கமாகப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னார்:

"நாளைக்கு ஒரு வள்ளம் பாக்கப் போறன்."